ஒரே ஆள், மூன்று சைக்கிள்: வண்டி ஓட்டுபவர்கள் ஏன் மூன்று விதமாக நடத்துகிறார்கள்?

கேள்வி: கூடைசைக்கிள்

என்னிடம் மூன்று சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் கூடை வைத்த சைக்கிள். அதில்தான் வேலைக்குப் போகிறேன், சாதாரண உடை, தோளில் ஒரு பை. இரண்டாவது, விடுமுறை நாட்களில் நீண்ட தூரம் போவதற்கான ரோடு சைக்கிள். அதற்கு மட்டும் இறுக்கமான ஜெர்சி, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. மூன்றாவதில் பின்னால் குழந்தை இருக்கை பூட்டியிருக்கிறேன், மகளைப் பள்ளியில் விடுவதற்கு. மூன்றிலும் பெரும்பாலும் ஒரே சாலையில்தான் போகிறேன். நடுவில் ஒரு குறுகலான பாலம் வரும், பாலம் முடிந்ததும் சாலை வளைந்து இறங்கும்.

ஆனால் பின்னால் வரும் வண்டிகளைப் பொறுத்தவரை நான் மூன்று வேறு வேறு ஆட்கள். மகள் பின்னால் இருக்கும்போது கார்கள் பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பொறுமையாக வந்து, பாலம் தாண்டிய பிறகு எதிர்த்தடம் வரை விலகி முந்துகின்றன. மகள் கையை ஆட்டினால் சிலர் பதிலுக்கு ஆட்டுவார்கள். கூடை சைக்கிளில் போனால் மரியாதை கொஞ்சம் குறையும், ஆனாலும் மோசமில்லை. ரோடு சைக்கிளில் ஏறிவிட்டால் கதையே மாறிவிடுகிறது. இத்தனைக்கும் மூன்றில் அதில்தான் நான் வேகமாகப் போகிறேன், நேராகப் போகிறேன், யாரையும் அதிக நேரம் காக்க வைப்பதில்லை. அதில்தான் உரசிக்கொண்டு போகிறார்கள். பாலத்தின் நடுவில் ஹாரன் அடிக்கிறார்கள். ஜன்னலை இறக்கித் திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

சைக்கிளில் போவது அதே பெண்தான், அதே இரண்டு கால்கள்தான். விழுந்தால் உடையப்போவதும் அதே எலும்பு. உடையும் சைக்கிளின் வடிவமும் மாறியதும் எனக்குக் கிடைக்கும் இடைவெளி மாறுவது ஏன்? மற்றவர்களுக்கும் இப்படி நடக்கிறதா? இதை யாராவது முறையாக அளந்து பார்த்திருக்கிறார்களா? என் மனப்பிரமை என்றாலும் பரவாயில்லை, தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில் 1: அளவுநாடா

பிரமை இல்லை. இதை அளந்திருக்கிறார்கள், ஒரு முறை அல்ல, பல முறை. முடிவுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் என்ற உளவியலாளர் தன் சைக்கிளில் மீயொலி உணர்வியும் கேமராவும் பொருத்தி சாலிஸ்பரி, பிரிஸ்டல் நகரச் சாலைகளில் ஓட்டினார். தன்னை முந்திய 2,300க்கும் மேற்பட்ட வண்டிகள் எவ்வளவு தள்ளிப் போயின என்று பதிவு செய்தார். 2007இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. பின்னாலிருந்து பார்த்தால் பெண்போலத் தெரியும்படி நீளமுடி விக் வைத்துக்கொண்டபோது சுமார் 14 சென்டிமீட்டர் கூடுதலாக விலகிப் போனார்கள். காரைவிடப் பேருந்தும் லாரியும் அதிகம் நெருங்கின. அந்த ஆய்வின்போதே அவரை ஒரு பேருந்தும் ஒரு லாரியும் இடித்தன. இரண்டு முறையும் ஹெல்மெட் போட்டிருந்தார்.

அவர் கொடுத்த விளக்கம் உங்கள் கேள்விக்கு நேரான பதில். பின்னால் வருபவர் சைக்கிளில் போகும் ஆளைப் பார்த்ததும் ஒரு கணக்குப் போடுகிறார்: இவருக்கு ஓட்டத் தெரியுமா, தடுமாறுவாரா? ஜெர்சியும் ஹெல்மெட்டும் பார்த்தால் “தேர்ந்த ஆள், நேராகத்தான் போவார்” என்று நினைத்துக் கொடுக்க வேண்டிய இடத்தைச் சுருக்குகிறார். குழந்தையைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. தேர்ச்சிக்கான தண்டனை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும், எனக்கு இதை நினைத்தாலே கோபம் வரும்.

ஆனால் ஹெல்மெட் பற்றிய அந்த முடிவை 2013இல் ஒலிவியர், வால்டர் என்ற இருவர் அதே தரவை எடுத்து மறுபடி அலசி, ஆபத்தான நெருக்கம் என்று பார்த்தால் ஹெல்மெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதினார்கள். வாக்கர் 2019இல் அதற்கு மறுப்பு எழுதினார். விவாதம் முடியவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் ஹெல்மெட்டைக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டாம்.

பெண் என்றால் விலகுவார்கள் என்பதும் எல்லா இடத்திலும் நிற்கவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வில் பெண்கள் ஓட்டும்போதுதான் மூன்றடிக்குள் புகுந்த வண்டிகள் அதிகம்.

எனக்கு முக்கியமாகப்படுவது 2014இல் வாக்கரும் இன்னும் சிலரும் வெளியிட்ட அடுத்த ஆய்வு. தினமும் வேலைக்குப் போய்வரும் வழியில் ஏழு விதமான உடை. சாதாரண உடை, பந்தய வீரர் உடை, பளிச்சென்ற மேல்சட்டை, “புதிதாக ஓட்டுகிறேன், மெதுவாக முந்தவும்” என்று முதுகில் எழுதிய சட்டை, இப்படி. மொத்தம் 5,690 முந்தல்கள். ஏழில் ஆறு உடைகளுக்கு இடையே சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. காவல்துறை என்ற சொல்லைத் தாங்கி, வீடியோ பதிவாகிறது என்று எச்சரித்த ஒரு சட்டைக்கு மட்டும்தான் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது, அதுவும் சில சென்டிமீட்டர்.

இதைவிட முக்கியம், எந்த உடை போட்டாலும் நூற்றில் ஒன்றிரண்டு வண்டிகள் 50 சென்டிமீட்டருக்குள் வந்தே தீர்ந்தன. சராசரி யாரையும் கொல்வதில்லை, அந்த ஒன்றிரண்டுதான் கொல்லும். அவர்களை எந்தச் சட்டையாலும் மாற்ற முடியவில்லை.

பதில் 2: நேர்கோடு

நான் காரும் ஓட்டுகிறேன், சைக்கிளும் ஓட்டுகிறேன். இதில் இரண்டு பக்கமும் பேச வேண்டும். ரோடு சைக்கிளில் கூட்டமாக வருபவர்களில் சிலர் சிவப்பு விளக்கில் நிற்பதில்லை, மூன்று பேர் நான்கு பேராகச் சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்த எரிச்சல் அடுத்து வரும் ஜெர்சிக்காரர் மேல் இறங்குகிறது. சரி என்று சொல்லவில்லை, காரணம் இதுதான் என்கிறேன். குழந்தையோடு போகும் அம்மாவைப் பார்த்து யாருக்கும் அப்படி ஒரு பழைய கோபம் கிளம்புவதில்லை.

பதில் 3: இரவுச்சுமை

அக்கா, நீங்கள் சொன்ன மூன்றில் நான் வரமாட்டேன், என் வகையைச் சொல்கிறேன். வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு. மின்சார சைக்கிள், முதுகில் பெட்டி.

எனக்கு ஹாரன் பிரச்சினையே இல்லை. யாரும் ஹாரன் அடிப்பதில்லை, ஏனென்றால் யாரும் என்னைப் பார்ப்பதே இல்லை. உங்களைத் திட்டவாவது செய்கிறார்கள். என் முன்னால் சட்டென்று வளைந்து பக்கத்துத் தெருவில் நுழைவார்கள், நிறுத்திய காரின் கதவை என் முகத்துக்கு நேராகத் திறப்பார்கள், திறந்துவிட்டு “எங்கே பார்த்து வருகிறாய்” என்று என்னைக் கேட்பார்கள். ஒரு நாள் கதவில் மோதி விழுந்தேன். இறங்கியவர் முதலில் பார்த்தது கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்று. அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

மின்சார சைக்கிளில் இன்னொரு தொல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக பெடலைச் சுற்றிக்கொண்டு வருவேன். பார்ப்பவருக்கு மெதுவாக வருகிறான் என்று தோன்றும். ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டரில் வந்துகொண்டிருப்பேன். இவன் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று குறுக்கே விடுவார்கள். பிரேக்கில் விரல் வைக்காமல் எந்தச் சந்திப்பையும் நான் கடப்பதில்லை.

பதில் 4: அளவுநாடா

நேர்கோடு, உங்கள் விளக்கம் உண்மையாக இருக்கலாம், ஆனால் நியாயமாகாது. எனக்கு முன்னால் போன கார்க்காரர் சிக்னலை மீறினால் அதற்காக நான் உங்கள் காரை உரசுவதில்லை. காரில் போகிறவரைத் தனி மனிதராகவும் சைக்கிளில் போகிறவரை ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாகவும் பார்ப்பதுதான் இங்கே சிக்கல்.

இதையும் அளந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில் 442 பேரிடம், குரங்கிலிருந்து முழு மனிதன் வரை போகும் படவரிசை போன்ற அளவுகோலைக் காட்டி, சைக்கிள் ஓட்டுபவர்களை எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சிலருக்குக் கரப்பான்பூச்சியில் தொடங்கும் அளவுகோல். சைக்கிள் ஓட்டாதவர்களில் 55 சதவீதம் பேர் முழு மனிதனுக்குக் கீழேதான் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களிலேயே 30 சதவீதம் பேர் அப்படிச் செய்தார்கள். கீழே வைத்தவர்கள்தான் வேண்டுமென்றே வழிமறித்தேன், நெருக்கிப் போனேன் என்று அதிகம் ஒப்புக்கொண்டார்கள்.

2023இல் அதே நாட்டில் இன்னொரு ஆய்வு: ஹெல்மெட்டோ பளிச்சென்ற பாதுகாப்பு மேல்சட்டையோ போட்டவர்களின் படம், போடாதவர்களின் படத்தைவிட “மனிதத்தன்மை குறைவு” என்று மதிப்பிடப்பட்டது. முடியும் முகமும் மறைந்தால் ஆள் மறைந்துபோகிறார் போலிருக்கிறது. கூடைசைக்கிள், உங்கள் கறுப்புக் கண்ணாடியும் ஹெல்மெட்டும் செய்வது இதுவாக இருக்கலாம். உங்கள் மகள் கையாட்டுவது அதற்கு நேர் எதிர். இரண்டு பேரும் ஒரு நொடி மனிதரை மனிதர் பார்த்துவிடுகிறார்கள்.

இரவுச்சுமை, நீங்கள் சொன்ன கதவுச் சம்பவம் படிக்கவே கஷ்டமாக இருந்தது. நிறுத்திய கார்களை ஒட்டி ஓட்டாதீர்கள், ஒரு கதவின் அகலம் எப்போதும் விட்டே ஓட்டுங்கள். பின்னால் வருபவர் முணுமுணுத்தாலும் சரி. காரில் இருப்பவர்கள் கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால் திறந்தால் உடல் தானாகத் திரும்பி, பின்னால் யார் வருகிறார்கள் என்று கண்ணில் படும். 2022இல் திருத்திய பிரிட்டிஷ் சாலை விதிநூலில் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். கார் ஓட்டும் நண்பர்கள் இன்றைக்கே இதைப் பழகலாம், செலவில்லை.

பதில் 5: பெரியவண்டி

லாரி ஓட்டுகிறேன், நீளமான டிரெய்லர் வண்டி. இந்தத் திரியை முழுதாகப் படித்தேன். உடையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. என் இருக்கையிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

தூரத்தில் சைக்கிள் தெரிந்ததும் நான் பார்ப்பது உடையை அல்ல, தோளையும் தலையையும். தலை ஒரு முறை திரும்பினால் போதும், நான் வருவது இவருக்குத் தெரியும் என்று மனம் நிம்மதியாகும். முன்சக்கரம் ஆடுகிறதா, சுமை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, சாலை ஓரத்தில் பள்ளம் அல்லது தண்ணீர் இருக்கிறதா? பள்ளம் இருந்தால் அவர் கட்டாயம் உள்ளே நகர்வார். அதற்கு முன்பே நான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பெரிய வண்டி முந்தும்போது காற்று முதலில் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும், பிறகு வண்டியை நோக்கி இழுக்கும். வேகம் கூடக்கூட அது பலமாகும். இது தெரிந்த டிரைவர் விலகிப் போவார். தெரியாதவர் தன் கண்ணாடி உங்கள் தோளில் படவில்லை என்றால் போதும் என்று நினைப்பார். அப்புறம், நீளமான வண்டி முந்தும்போது முன்பகுதி சைக்கிளைத் தாண்டியதுமே வேலை முடிந்தது என்று தோன்றும். வால் இன்னும் பக்கத்தில்தான் வந்துகொண்டிருக்கும். எதிரில் வண்டி வந்துவிட்டால் அவசரமாக உள்ளே ஒடிப்பார்கள். பேருந்தும் லாரியும் நெருங்குவதாக அளந்தார்களே, அதில் பெரும்பங்கு இதுதான் என்று நான் சொல்வேன், வன்மம் குறைவு.

திரும்பும் இடத்தில் மட்டும் எங்கள் வண்டியின் உள்பக்கம் வரவே வராதீர்கள். இடம் இருப்பதுபோல் தெரியும். பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடம் மூடிக்கொள்ளும். என் கண்ணாடியை நீங்கள் பார்க்கும்போது அதில் என் முகம் தெரியவில்லை என்றால், நீங்கள் எனக்குத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரவுச்சுமை தம்பி சொன்னது உண்மை. வேலைக்காக சைக்கிள் ஓட்டுபவர்களைப் பல டிரைவர்கள் மதிப்பதில்லை. தானும் வேலைக்காகத்தான் ஓட்டுகிறோம் என்பது மறந்துபோகிறது. எங்கள் ஆட்களிடம் நான் இதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதில் 6: நேர்கோடு

அளவுநாடா சொன்னதை ஏற்கிறேன், ஒருவர் தப்புக்கு இன்னொருவர் பொறுப்பில்லை. ஆனால் சைக்கிளுக்கென்று சாலை ஓரம் கோடு போட்டுக் கொடுத்தால் இந்தச் சண்டையே வராதே?

பதில் 7: அளவுநாடா

வெறும் கோடு உதவாது, சில இடத்தில் கெடுக்கவும் செய்கிறது. மெல்பர்னில் 60 பேரின் சைக்கிள்களில் கருவி பொருத்தி 18,527 முந்தல்களை அளந்தார்கள், 2019இல் வெளியானது. கோடு மட்டும் போட்ட சைக்கிள் தடம் இருந்த இடங்களில் வண்டிகள் சராசரியாக 27 சென்டிமீட்டர் நெருங்கிப் போயின. அந்தத் தடத்தை ஒட்டி கார்களும் நிறுத்தியிருந்தால் 40 சென்டிமீட்டர். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் இடம், அந்தப் பக்கம் உன் இடம் என்று டிரைவர் நேராகப் போய்விடுகிறார், விலக வேண்டும் என்றே தோன்றுவதில்லை. உடை மாற்றிக் கிடைக்கும் சென்டிமீட்டர்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தடுப்பு வைத்துப் பிரித்த பாதை வேறு விஷயம், அதற்கு நான் முழு ஆதரவு.

விதியும் அமலும் சேர்ந்தால் பலன் உண்டு. ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளை முந்த நகருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் இடைவெளி கட்டாயம். இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை 2016இல் சாதாரண உடையில் காவலரை சைக்கிளில் அனுப்பி, நெருக்கி முந்தியவர்களை அடுத்த திருப்பத்தில் நிறுத்தி, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தரையில் விரித்த பாயில் காட்டிப் பாடம் நடத்தியது. ஜெர்சிக்காரரா, கூடைக்காரரா, பெட்டிக்காரரா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தூரம். நமக்கு வேண்டியது அதுதான்.

பதில் 8: கூடைசைக்கிள்

எல்லோருக்கும் நன்றி. பிரமை இல்லை என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஒன்றிரண்டு சதவீதம் என்னை உலுக்கிவிட்டது. மகளோடு போகும்போது எல்லோரும் நன்றாக நடத்துகிறார்கள் என்ற தைரியத்தில் நான் அந்தப் பாலத்தில் ஓரத்தை ஒட்டியே போகிறேன். இரவுச்சுமை தம்பி, கதவு விஷயத்தில் உங்களுக்கு நடந்தது மிகவும் தவறு. அன்றைக்கு யாராவது உங்களோடு நின்றார்களா?

இரண்டு கேள்விகள். குளிர்காலத்தில் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது, பளிச்சென்ற சட்டை வாங்கினால் பயன் உண்டா? பெரியவண்டி அண்ணா, அந்தக் குறுகலான பாலத்தை எப்படிக் கடப்பது? ஓரமாகப் போனால் நெருக்கி முந்தப் பார்க்கிறார்கள், நடுவில் போகப் பயமாக இருக்கிறது.

பதில் 9: அளவுநாடா

இருட்டுக்கு வெறும் பளிச் நிறம் போதாது. அது பகல் வெளிச்சத்தில்தான் வேலை செய்யும். ஆஸ்திரேலியாவில் இரவில் டிரைவர்களை வைத்துச் சோதித்தார்கள். கறுப்பு உடையில் இருந்தவர்களை 2 சதவீதம்தான் அடையாளம் கண்டார்கள். ஒளிரும் நிறச் சட்டைக்கு 15, விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் பட்டை வைத்த சட்டைக்கு 50. அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியபோது 90 சதவீதம். கால் மேலும் கீழும் போவதைப் பார்த்ததும் இது மனிதர் என்று மூளை பிடித்துக்கொள்கிறது. சட்டையோடு நான்கு பட்டைகளையும் வாங்கிவிடுங்கள். விளக்கு தனி, அது கட்டாயம்.

பதில் 10: இரவுச்சுமை

நின்றார்கள் அக்கா. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பாட்டி நாற்காலி கொண்டுவந்து போட்டார். கணுக்கால் பட்டை எனக்கும் புதுச் செய்தி, இன்றைக்கே வாங்குகிறேன்.

பதில் 11: பெரியவண்டி

பாலத்தில் நடுவில்தான் போக வேண்டும் அம்மா, முக்கியமாகக் குழந்தை இருக்கும்போது. ஆனால் பாலத்துக்குள் நுழைந்த பிறகு நகராதீர்கள், அது எங்களுக்குத் திடீரென்று குறுக்கே வந்ததுபோல் ஆகும். சாலை அகலமாக இருக்கும்போதே, பாலத்துக்கு நன்றாக முன்னால், தலையைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் வருபவர் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். கையைப் பக்கவாட்டில் காட்டி, அவர் வேகத்தைக் குறைத்தது தெரிந்ததும் தடத்தின் நடுவுக்கு வாருங்கள். அவர் குறைக்கவில்லை என்றால் அந்த ஒரு வண்டியைப் போகவிட்டு, அடுத்த இடைவெளியில் நகருங்கள். பாலத்தில் யார் ஹாரன் அடித்தாலும் ஓரம் போகாதீர்கள், வேகத்தையும் மாற்றாதீர்கள். வளைவு முடிந்து, எதிரில் வருவது தெரிகிற இடத்தில் ஓரத்துக்கு வந்து, ஒரு கை அசைத்து வழிவிடுங்கள்.

ரோடு சைக்கிளிலும் இதையே செய்யுங்கள். கறுப்புக் கண்ணாடியைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது, திரும்பிப் பார்க்கும்போது கண் தெரிய வேண்டும்.